ஆற்றுப்படுத்தக் கற்றல்: பெருங்காயத்துக்குப் பின் தொடங்கும் படிப்பு

இருசக்கர வாகன விபத்து, மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ தவறி விழுவது, ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாய்வது ஆகியவற்றால் முதுகுத் தண்டுவடம் முறிந்தோ தலையில் பலத்த அடி பட்டோ வாழ்க்கை திசை மாறியவர்களில் இளைஞர்கள் மிகுதி. பலர் படித்துக்கொண்டிருந்தவர்கள், சிலர் வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள். உயிர் பிழைத்து வீடு திரும்பி, உடலின் புதிய ஒழுங்குக்குப் பழகியபின், இவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். உளவியல், சமூகப்பணி, மனநல ஆலோசனை ஆகிய படிப்புகளை அவர்கள் நாடுவது அடிக்கடி காணக்கூடிய ஒன்று.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. அந்த 48 மணி நேரத்தைத் தாண்டியவர்களுக்கு முன்னால் 30, 40 ஆண்டு வாழ்க்கை காத்திருக்கிறது. அதில் படிப்புக்கும் பிழைப்புக்கும் உள்ள இடம் என்ன என்பது மருத்துவமனை விட்ட இடத்தில் தொடங்கும் கேள்வி.

ஆற்றுப்படை என்னும் பழைய சொல்

‘கவுன்சலிங்’ என்றதும் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுதான் பல வீடுகளில் நினைவுக்கு வருகிறது. மனம் சார்ந்த ஆலோசனையைச் செய்பவரை அரசு அறிவிக்கைகள் ஆற்றுப்படுத்துநர் என்கின்றன. இலங்கைத் தமிழில் அவர் உளவளத்துணையாளர். ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லின் வேர் சங்க இலக்கியத்தில் இருக்கிறது. ஆறு என்றால் வழி. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, பசியோடு எதிரே வரும் இன்னொருவனுக்குத் தான் போய்வந்த வழியைச் சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து நூல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. வழியில் எந்த நிலம் வரும், எங்கே சோறு கிடைக்கும், எங்கே கால் இடறும் என்று விரிவாகச் சொல்லும் அவன், எதிரே வந்தவனுக்காகத் தானே நடந்துவிடுவதில்லை. போய்வந்தவர் சொல்ல வேண்டும், போக வேண்டியவர்தான் போக வேண்டும். ஆலோசனைத் தொழிலின் அடிப்படையும் இதுவே.

பெருங்காயம் பட்டவர் இத்தொழிலை நாடுவதற்கு, போய்வந்தவருக்கும் போக வேண்டியவருக்கும் உள்ள இந்த உறவு முதற்காரணம். இனி நடக்க முடியாது என்ற செய்தியைக் கேட்ட முதல் இரவு எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். உறவினர்களின் அழுகையைத் தாங்குவது தன் வலியைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்த நாள்களும் நினைவில் இருக்கும். இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. அமர்ந்த நிலையில், குரலாலும் செவியாலும் செய்யக்கூடிய தொழில் இது. கழுத்துக்குக் கீழே அசைவு இழந்தவரும் இதில் முழுத் தேர்ச்சி பெறலாம்.

முன் சென்றவர்கள்

முதல் உலகப்போரில் தண்டுவடம் முறிந்த வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் இந்த நிலையை மாற்றினார். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப்பையைப் பேணுதல், விளையாட்டு, வேலைப் பயிற்சி என்று அவர் வகுத்த ஒழுங்கு நோயாளிகளை வாழவைத்தது. உயிர்வாழ்வு உறுதியானபின்தான் படிப்பு, பணி என்ற கேள்விகளுக்கே இடம் உண்டாயிற்று. அமெரிக்காவில் 1954இல் திருத்தப்பட்ட தொழில்சார் மறுவாழ்வுச் சட்டம், மறுவாழ்வு ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி அளித்தது. 1972இல் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நிறுவிய தன்னிச்சை வாழ்வு மையம், ஒத்த நிலையில் இருப்பவரே ஆலோசனை சொல்லும் முறையைத் தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைத்தது.

அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்ட அதே 1954இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் ஒரு வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அதோடு நிற்காமல் நியூயார்க் சென்று, ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் உடல் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. காயத்துக்குப் பிறகு படித்த படிப்பு, காயத்துக்கு முன் படித்ததைவிட அதிகம் பேருக்குப் பயன்பட்டதற்கு அவர் வாழ்க்கை சான்று.

பொறியியல் மாணவராக இருந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் சொந்த ஊரான ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 19 வயதுக்குட்பட்டோருக்கான தமிழ்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த ப்ரீத்தி ஸ்ரீனிவாசன், 1998இல் புதுச்சேரிக் கடற்கரையில் நேர்ந்த விபத்தில் அதே நிலைக்கு ஆளானார். பின்னாளில் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற அவர், தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்காகத் திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பை நடத்துகிறார்.

எப்போது தொடங்குவது

தண்டுவடக் காயம் அறிவாற்றலைத் தொடுவதில்லை. நினைவு, மொழி, கற்கும் திறன் எல்லாம் முன்போலவே இருக்கும். மாறுவது உடலின் அன்றாட நிர்வாகம். சிறுநீர், மலம், தோல், இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் ஒரு நேர ஒழுங்குக்குள் வந்தபின் படிப்பைத் தொடங்குவது நல்லது. மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பயிற்சி பெறாமல் நேரடியாகக் கல்லூரிக்குச் செல்பவர், முதல் பருவத்திலேயே புண்ணோ தொற்றோ வந்து விடுப்பில் போக நேரிடும்.

தலைக்காயம் வேறு வகை. கை கால் நன்றாக இருக்கும். கவனம் நிலைக்காது, படித்தது தங்காது, சொல் வாயில் வராது, சீக்கிரம் களைப்பு வரும், கோபம் கட்டுக்கு மீறும். வெளியே தெரியாத இந்தக் குறைகளைச் சோம்பல் என்று வீட்டாரும் ஆசிரியர்களும் எடுத்துக்கொள்வதால் மாணவர் இரட்டைத் துன்பம் படுகிறார். மீட்சி முதல் சில மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. நரம்பு உளவியல் பரிசோதனை செய்து, எந்தத் திறன் எந்த அளவில் இருக்கிறது என்று அறிந்தபின் படிப்பைத் தேர்ந்தெடுப்பது வீண் தோல்வியைத் தவிர்க்கும். ஆலோசனைத் தொழிலில் உணர்ச்சிக் கட்டுப்பாடும் நினைவும் கருவிகள் என்பதால் இந்தப் பரிசோதனை இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

உடல் தயாரானாலும் மனத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. துக்கம் படிப்படியாக ஒரே வரிசையில் கடந்துபோகும் என்று எதிர்பார்க்க இயலாது. உளவியலர்கள் ரிச்சர்டு டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990களின் நடுவில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். பேரிடருக்குப் பின் சிலர் உறவுகளிலும் வாழ்க்கை நோக்கிலும் புதிய ஆழம் காண்கிறார்கள் என்பது அதன் சாரம். எல்லோரும் அப்படி வளர்ந்தாக வேண்டும் என்று அந்தக் கருத்து கட்டாயப்படுத்தவில்லை. பிறருக்கு உதவும் ஆர்வம் தன் துக்கத்திலிருந்து தப்பும் வழியாகவும் இருக்கக்கூடும். ஆகவே படிப்பில் சேருமுன் தானே ஓர் ஆலோசகரிடம் சில மாதங்கள் செல்வது விண்ணப்பதாரருக்குச் சிறந்த முதல் பாடமாக அமையும்.

படிப்பின் பாதைகள்

ஆலோசகராக இரண்டு பெருவழிகள் உள்ளன. ஒன்று உளவியல்: இளநிலைப் பட்டம், பிறகு எம்.எஸ்ஸி. உளவியல் அல்லது ஆலோசனை உளவியல். மற்றது சமூகப்பணி: எந்த இளநிலைப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம்; அதில் மருத்துவ, மனநலச் சமூகப்பணி என்ற சிறப்புப் பிரிவு உண்டு. விபத்துக்கு முன்பே பொறியியலோ வணிகவியலோ முடித்தவருக்கு இந்த இரண்டாவது வழி நெருங்கியது. ஆனால் அதில் வாரந்தோறும் களப்பணி உண்டு. வீடு வீடாகச் செல்ல வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியில் செல்பவருக்குக் களப்பணி இடம் எது என்பதைச் சேர்க்கையின்போதே பேசி முடிக்க வேண்டும்.

மருத்துவ உளவியலர் என்ற பெயரைப் பயன்படுத்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். அந்தக் குழுமம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஆலோசகர்கள், உளவியலர்கள், சமூகப்பணியாளர்கள் ஆகியோரை 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம் ‘நடத்தை நல அறிவியல்’ என்ற பிரிவில் சேர்த்து, பதிவேட்டுக்கும் பாடத்திட்டத் தரத்துக்கும் வழிசெய்தது. சில வாரச் சான்றிதழ் வகுப்பை முடித்து ஆலோசகர் என்று பலகை மாட்டும் வழக்கத்துக்கு இது முடிவு கட்டும் நோக்கமுடையது.

இந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாக, உளவியல் உள்ளிட்ட சுகாதாரத் துறைப் படிப்புகளைத் தொலைநிலை வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. பயிற்சித் தரத்தை நோக்கினால் இந்த முடிவுக்குக் காரணம் இருக்கிறது. நேருக்கு நேர் பேசிப் பழகாமல் ஆலோசனை கற்க இயலாது. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரவே இருவர் துணை தேவைப்படுபவருக்குக் ‘கரஸ்’ எனப்படும் அஞ்சல்வழிப் படிப்புதான் நெடுங்காலமாகத் திறந்திருந்த கதவு. அது அடைபட்டபின் வகுப்பறைக் கதவின் பொறுப்பு இருமடங்காகிறது. நேரில் வந்துதான் படிக்க வேண்டும் என்று விதிக்கும் அமைப்பு, நேரில் வர வழி செய்யும் கடமையையும் ஏற்றாக வேண்டும்.

சட்டம் தரும் உரிமைகள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்றவருக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. சிகிச்சையில் சில ஆண்டுகளை இழந்தவருக்கு இந்தத் தளர்வு பெரிய உதவி. அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீடும் இதே சட்டத்தில் அடங்கும். பணியில் இருக்கும்போது காயம்பட்ட அரசு ஊழியரை அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20ஆவது பிரிவு.

கையால் எழுத முடியாதவருக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவர் உண்டு. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல் அவகாசம். மாணவர் தாமே ஒருவரை அழைத்து வந்தால், அவர் மாணவரைவிட ஒரு படி குறைந்த கல்வித் தகுதி உடையவராக இருக்க வேண்டும். உளவியல் கலைச்சொற்களை அறியாத ஒருவருக்குச் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி. ஆண்டு இறுதியில் தேடாமல், பருவத் தொடக்கத்திலிருந்தே ஒருவரோடு மாதிரித் தேர்வு எழுதிப் பழகுவது மதிப்பெண்ணில் தெரியும்.

2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்வசதித் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சாய்தளம் இல்லாத கல்லூரி இனி அதைக் கருணைச் செலவாகக் கருத இடமில்லை. இந்த உரிமைகளைப் பெற நுழைவுச்சீட்டு தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில மாதங்களுக்குள் அதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வகுப்பறையில் ஒரு நாள்

காயம்பட்ட மாணவர் படிப்பை நிறுத்துவதற்குப் பாடச்சுமையைவிடக் கழிப்பறை பெரிய காரணமாக இருப்பதுண்டு. தண்டுவடம் பாதிக்கப்பட்ட பலர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்குத் தண்ணீர் வசதியும் தாழ்ப்பாளும் சக்கர நாற்காலி திரும்பும் அளவு இடமும் உள்ள ஓர் அறை போதும். அது இல்லாத இடத்தில் மாணவர், குறிப்பாக மாணவியர், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் விலை சிறுநீர்த்தொற்றும் சிறுநீரகக் கல்லும்.

உணர்வற்ற தோலில் நெடுநேரம் எடை அழுத்தினால் புண் வரும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ முன்னும் பக்கவாட்டிலும் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். வகுப்பின் நடுவே மாணவர் இப்படி அசைவதைக் கவனக்குறைவு என்று ஆசிரியர் எண்ணாதிருக்க, முதல் வாரத்திலேயே சொல்லிவைப்பது உதவும். மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் நிலைக்கும் அதற்கு மேலும் காயம்பட்டவருக்குத் திடீரென இரத்த அழுத்தம் எகிறும் அபாயம் உண்டு. கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்த்தல் அதன் அடையாளங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பையே பெரும்பாலும் காரணம். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீரை வெளியேற்றி, அழுத்தம் தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை வகுப்புத் தோழர் இருவராவது அறிந்திருக்க வேண்டும். கழுத்தில் காயம்பட்டவருக்கு வியர்வை சுரப்பது குறைவதால் கோடை வெயிலும் ஆபத்து; ஏப்ரல், மே மாதத் தேர்வு அறையில் மின்விசிறிக்கு அடியில் இடம் கேட்பது சலுகை ஆகாது.

கல்லூரி செய்ய வேண்டியவற்றில் பல, செலவு குறைந்தவை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் கட்டுவது ஒரு கொத்தனாரின் வேலை. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மாணவரை மாடிக்குத் தூக்கிச் செல்வதற்குப் பதிலாக வகுப்பையும் ஆய்வகத்தையும் தரைத்தளத்துக்கு மாற்றலாம். தூக்கிச் செல்வது அன்பாகத் தோன்றினாலும், தூக்குபவர் வராத நாளில் படிப்பும் இல்லை என்றாகிவிடும். குறிப்பெடுக்க முடியாதவருக்குப் பாடத்தை ஒலிப்பதிவு செய்ய அனுமதி, கைப்பேசியில் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதி, தலைக்காயம்பட்டவருக்கு நடுவே ஓய்வு, ஒரே நாளில் இரண்டு தேர்வு வராதபடி அட்டவணை ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு துறைத்தலைவரின் கையெழுத்து போதும்.

அனுபவம் பயிற்சியாக மாறுவது

உளவியலர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரை, ஆலோசகரிடம் இருக்க வேண்டிய மூன்று பண்புகளை இன்றுவரை பாடமாக்கியிருக்கிறது: எதிரே இருப்பவரின் உலகை அவர் கண்ணால் காணுதல், நிபந்தனையின்றி மதித்தல், உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல். காயம்பட்டவருக்கு முதல் பண்பு எளிதில் கைகூடும் என்று தோன்றும். ஆனால் அவருக்கான தனிப்பட்ட பொறியும் அங்கேதான் இருக்கிறது. எதிரே இருப்பவர் பேசத் தொடங்கியதுமே தன் கதை நினைவுக்கு வந்து, அவர் சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்ள நேரும். ‘நான் மீண்டு வந்தேனே, உங்களால் முடியாதா?’ என்ற வாக்கியம் ஊக்கமாகத் தொடங்கித் தீர்ப்பாக முடியும். கேட்பவருக்கு வீட்டில் துணை இல்லாமல் இருக்கலாம், கடன் இருக்கலாம், காயம் வேறு நிலையில் இருக்கலாம்.

ஆகவே தன் கதையை எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை இம்மாணவர் மற்றவர்களைவிடக் கவனமாகக் கற்க வேண்டியுள்ளது. சக்கர நாற்காலியை மறைக்க முடியாது. உள்ளே நுழைந்த கணமே பாதிக் கதை தெரிந்துவிடும். மீதியைச் சொல்லுமுன் ‘இது யாருக்கு உதவும்?’ என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வது ஒரு நல்ல அளவுகோல். அவர் கேட்ட கேள்விக்கு விடையாக, இரண்டு வாக்கியத்தில் சொல்லி, பேச்சை மீண்டும் அவரிடமே திருப்புவது வழக்கமான முறை. தன் பாரத்தை இறக்கும் இடம் மேற்பார்வை அமர்வு. மூத்த ஆலோசகர் ஒருவரிடம் வாரந்தோறும் தான் கையாண்ட அமர்வுகளைச் சொல்லி ஆராயும் இந்த வழக்கம் பட்டம் பெற்றபின்னும் தொடர வேண்டியது.

தாமும் அதே காயத்தோடு வாழும் ஒத்த நிலைத் துணைவர், பயிற்சி பெற்ற ஆலோசகர் என்ற இருவருக்கும் வேறுபாடு உண்டு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தாம்பத்தியம், கழிப்பறைப் பழக்கம் பற்றியெல்லாம் கூச்சமின்றிப் பேசத் துணைவர் போதும். அதற்குப் பட்டம் தேவையில்லை. தற்கொலை எண்ணம், குடிப்பழக்கம், கடும் மனச்சோர்வு, குடும்ப வன்முறை ஆகியவற்றை அடையாளம் கண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவது வரை ஆலோசகரின் பொறுப்பு நீள்கிறது. இரண்டு தகுதியும் ஒருவரிடமே சேரும்போது அவர் மறுவாழ்வு மையத்துக்குப் பெரும் பலம்.

வேலை வாய்ப்பும் வரம்பும்

மறுவாழ்வு மையங்கள் தவிர, பள்ளி, கல்லூரி, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நம்பிக்கை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மீட்பு மையம் ஆகியவற்றில் ஆலோசகர் பணிகள் உள்ளன. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகளைப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஏற்கிறார்கள். காணொளி வழி ஆலோசனையும் கொரோனாவுக்குப் பின் பரவலாகியிருக்கிறது. வெளியே செல்வது கடினமானவருக்கு இவ்விரண்டும் பொருந்தும். ஆனாலும் காயம்பட்ட ஆலோசகரைக் காயம்பட்டவர்களிடம் மட்டுமே அனுப்பும் போக்கு தவறானது. தேர்வு பயம் கொண்ட பள்ளி மாணவிக்கும் மணமுறிவில் நிற்பவருக்கும் அவர் கற்ற கலை அதே அளவில் பயன்படும்.

இத்துறையில் தொடக்க ஊதியம் பொதுவாகக் குறைவு; ஒப்பந்தப் பணிகள் அதிகம். துணையாள், போக்குவரத்து, குழாய், மெத்தை எனக் காயம்பட்டவரின் மாதச் செலவோ மற்றவர்களைவிடக் கூடுதல். விபத்து இழப்பீட்டு வழக்கு நிலுவையில் இருந்தால், மறுபடிப்புக்கான செலவையும் துணையாள் செலவையும் கோரிக்கையில் சேர்ப்பது பற்றி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கும், மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதும் வேலையைக் குடும்பத்தார் ஏற்றுக்கொண்டால் மாணவரின் நேரம் படிப்புக்கு மிஞ்சும்.

சேர்க்கைக்கு முன் ஒருமுறை கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்ப்பது எல்லாவற்றிலும் பயனுள்ள ஆயத்தம். வாயிலிலிருந்து வகுப்பறை வரை, அங்கிருந்து கழிப்பறை, நூலகம், தேர்வுக்கூடம் வரை நாற்காலியில் ஒருமுறை சென்று, தடை எங்கே என்று குறித்து, துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். மாற்ற வேண்டியவற்றுக்குக் கல்லூரி தேதி குறித்துத் தந்தபின் கட்டணம் கட்டலாம்.